எறும்பு தட்டிய மொட்டுகள்

எங்கள் ஊரில் ஏப்ரல் முடியும் வரை குளிரைத் திட்டுவோம். ஜூலை பிறந்ததும் வெயிலைத் திட்டுவோம். நடுவில் மே மாதம் ஒன்றுதான் திட்ட ஒன்றும் கிடைக்காமல் வாயைச் சும்மா வைத்திருக்கிற மாதம். அந்த வருஷம் அதையும் கெடுத்துவிட்டது வானம்.

மே பாதி தாண்டவில்லை. வயலில் சோளம் விரல் உயரம்தான் முளைத்திருந்தது. தெற்கிலிருந்து ஒரு காற்று கிளம்பி நெப்ராஸ்கா மாநிலம் முழுக்க அடுப்பு வாயைத் திறந்துவிட்ட மாதிரி வீசியது. எங்கள் ஹோலப் ஊரில் பாதி வீடுகளில் ஜன்னலுக்கு மாட்டிய குளிர்காலக் கண்ணாடியை இன்னும் கழற்றவே இல்லை. ஏ.சி. பெட்டிகள் நிலவறையில் தூசி மூடிக் கிடந்தன. தானியக் கிடங்குச் சுவரில் இருக்கிற பெரிய வெப்பமானி தொண்ணூற்றெட்டு டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. மறுநாள் அதற்கும் மேலே. நாய்கள் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தால் சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. பன்றி வளர்ப்பவர்கள் பகல் முழுக்கக் குழாயும் கையுமாக நின்று பன்றிகளை நனைத்துக்கொண்டிருந்தார்கள். யாரைப் பார்த்தாலும் முகத்தில் சண்டைதான் இருந்தது.

குளிர்ச்சியாக இருந்த இடம் ஊரில் ஒன்றே ஒன்று. என் கறிக்கடையின் குளிரறை. முப்பத்தாறு டிகிரி, தண்ணீர் உறைவதற்கு நாலே டிகிரி மேலே. அந்த அறையைக் கட்டியது நான். மூடிப்போன ஒரு பால் பண்ணையிலிருந்து சுவர்ப் பலகைகளைக் கழற்றி, வண்டியில் ஏற்றிவந்து, ஒரு பொறியாளனையும் கூப்பிடாமல் என் கையாலேயே பொருத்தினேன். நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். பதினாலு வயதில் கிழட்டுக் கசாப்புக்காரர் ஒருவரிடம் தரை கழுவ வந்தேன். இன்று மூன்று மாவட்டத்துப் பன்றிகளும் என் வாசலுக்குத்தான் வருகின்றன. உப்பில் ஊறப்போட்டுப் புகையில் வாட்டிய பன்றித்தொடை, இந்த லூமிரின் ஹாம், அது இல்லாமல் இந்தப் பக்கத்தில் ஒரு கல்யாணம் நடந்ததாகச் சொல்லுங்கள், நான் மீசையை எடுத்துவிடுகிறேன். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி அல்ல. ஆர்டித்தைப் பற்றி.

ஆர்டித் கோவாரிக். என் கடையில் கறியை வெள்ளைத்தாளில் சுற்றிக் கட்டுகிற மேஜை அவளுடையது. புருஷன் ரயிலில் வேலை பார்த்தவர். அவர் போன பிறகு வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது என்று வேலைக்கு வந்தவள், அப்படியே இருந்துவிட்டாள். ஆளும் உயரம், குரலும் உயரம். பள்ளிக்கூடத்தில் நானும் அவளும் ஒரே வகுப்பு. கணக்கில் நான் அவளை முந்துவேன், சண்டையில் அவள் என்னை முந்துவாள். அவள் அடித்து என் பல் ஒன்று ஆடிய கதை ஊருக்கே தெரியும். அந்தப் பல் எப்படியும் விழவேண்டிய பல் என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அவளுக்கு யூஜின் என்று ஓர் அண்ணன். எனக்குச் சிநேகிதன். மீன் பிடிப்பதும் சாப்பிடுவதும் தவிர வேறொன்றும் உருப்படியாகத் தெரியாதவன். நான் கிழவரிடம் வேலை பார்த்த காலத்தில் பின்வாசல் வழியாக வருவான். கறிக்குப் புகை காட்டுகிற புகையறையில் தொங்குகிற சாசேஜில் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன் போல விசில் அடித்தபடி போவான். வியட்நாம் போருக்குப் போனான். மே மாதக் கடைசியில் பெட்டியில் திரும்பி வந்தான். அப்போது அவர்கள் வீட்டுக்குப் பின்னால் அவன் அம்மா வைத்த பியோனி வரிசை முழுக்கப் பூத்திருந்தது. ஒவ்வொரு பூவும் குழந்தையின் தலை அளவு; வெள்ளை, நடுவில் சிவப்பு மசி தெறித்த மாதிரி ஒரு சொட்டு. அந்த அம்மாள் ஒரு செடியில் ஒரு பூ விடாமல் அத்தனையையும் அறுத்துப் பெட்டியின் மேல் போட்டாள்.

அன்றிலிருந்து மே மாதக் கடைசித் திங்கள், போரில் செத்தவர்களின் நினைவு நாள் அன்று, யூஜினின் கல்லறைக் கல்லின் முன் அந்த வரிசைப் பூதான். அம்மா போன பிறகு ஆர்டித் வைக்கிறாள். ஒரு வருஷமும் தப்பியதில்லை.

ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுவதும் அவள்தான். சம்பளம் இல்லாத வேலை. ஆனால் அந்தப் புல்வெட்டி வண்டியின் சாவியை அவள் கையிலிருந்து பிடுங்க போப்பாண்டவரே வந்தாலும் நடக்காது. அவளுடைய பரம எதிரி பிளாஸ்டிக் பூ. காற்றில் பறந்து புல்லுக்குள் கிடக்கும், தெரியாது. வண்டி ஏறியதும் கம்பியும் துணியும் கத்தியில் சுற்றிக்கொள்ளும். அவள் இறங்கி, மண்டியிட்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாக இழுக்க வேண்டும். அதற்கு முந்தைய அக்டோபரில் மாதா கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டபோது எழுந்து நின்றாள்.

"இனிமே கல்லறைல பிளாஸ்டிக் பூ கூடாது. சட்டம் போடுங்க."

மதுக்கடை நார்பர்ட்தான் எதிர்த்தான். அவன் அம்மா கல்லில் வருஷம் முழுக்க ஊதா நிறப் பிளாஸ்டிக் ரோஜா இருக்கும்.

"நெசப் பூ எல்லாரு வீட்டுலயும் இருக்காம்மா? இல்லாதவன் என்ன பண்ணுவான்? கல்லு மேல முட்டைக்கோஸ் வெப்பானா?"

"இல்லாதவங்க எங்கிட்ட வாங்க. எங்கம்மா வரிசைல ஊருக்கே பூ இருக்கு. நினைவு நாளன்னிக்கு ஒரு கல்லு கூட வெறுங்கல்லா நிக்காது."

"நின்னுச்சுன்னா?"

"நின்னுச்சுன்னா சாவிய உங்கையில குடுத்துட்டு நான் போயிடறேன். நீ பிளாஸ்டிக்குல காடே வளத்துக்கோ."

சட்டம் நிறைவேறியது. அப்போது வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மே மாத வெயிலைப் பற்றி யாருக்கு ஞாபகம் வரும்?

பியோனி எங்கள் ஊரில் நினைவு நாளை ஒட்டித்தான் பூக்கும். ஒரு வாரம் முன்னே பின்னே இருக்கலாம், அதற்கு மேல் ஏமாற்றியதில்லை. அந்த வெயிலில் ஊரில் இருந்த அத்தனை பியோனியும் ஒரே நாளில் வெடித்தது. மூன்றாம் நாள் இதழெல்லாம் நனைந்த காகிதம் போல மண்ணில் ஒட்டிக் கிடந்தது. பெண்கள் ஒவ்வொருத்தியாக என் கடைக்கு வந்தார்கள். கறி வாங்க அல்ல. மேஜையின் முன் நின்று, "ஆர்டித், எங்க வீட்டுது எல்லாம் கொட்டிப்போச்சு. நீ குடுக்கறேன்னியே?" என்பார்கள். ஒவ்வொருத்திக்கும் இவள், "குடுப்பேன், குடுப்பேன்" என்று தாளைக் கிழிப்பாள். நாளாக ஆக அந்தக் கிழிக்கிற சத்தம் கூடிக்கொண்டே போனது.

அவள் வரிசை வீட்டுக்குப் பின்னாலிருக்கிற களஞ்சியத்தின் வடக்குப் பக்க நிழலில் இருக்கிறது. அதனால் இன்னும் மொட்டாகவே நின்றது. ஆனால் எத்தனை நாள் நிற்கும்? ஒரு மத்தியானம் அவள் வண்டியைப் பின்வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். பின்னால் முழுக்க வாளிகள், வாளிகள் முழுக்க மொட்டு.

"லூமிர், உன் குளிரறைல எனக்கு ஒரு மூலை வேணும்."

"எதுக்கு? வெயில் தாங்கலன்னு படுத்துக்கவா?"

"மொட்டுக்குடா. ரெண்டு வெரல்ல அமுக்குனா புது பன் மாதிரி அமுங்கணும், அந்தப் பக்குவத்துல அறுத்திருக்கேன். குளுருல வெச்சா அப்படியே தூங்கும். சனிக்கிழம எடுத்து வெளில வெச்சா, இந்த வெயிலுக்குத் திங்கக்கிழமைக்கு டாண்ணு விரிஞ்சிடும்."

நான் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு மொட்டின் மேலும் எறும்பு. பியோனி மொட்டில் தேன் மாதிரி ஒரு பிசின் கசியும். எறும்புகள் அதை விடாது.

"இதுல எறும்பு ஓடுது."

"பின்ன யானையா ஓடும்? பியோனின்னா எறும்பு இருக்கும்."

"என் அறைக்குள்ள எறும்பு வரக் கூடாது. சுகாதார இன்ஸ்பெக்டர் கண்ணுல ஒண்ணு பட்டா கதவுல பூட்டத் தொங்கவிட்டுட்டுப் போயிடுவான்."

"எறும்பு இல்லாட்டி மொட்டு விரியாது லூமிர். அதுங்க நக்கி நக்கித்தான் தொறக்கணும். உங்கம்மா சொல்லிக் குடுக்கலயா?"

சொல்லிக்கொடுத்தாள்தான். எங்கள் ஊரில் எல்லா அம்மாவும் அதைத்தான் சொல்லியிருக்கிறாள். நானும் நம்பினவன்தான். ஆனால் என் குளிரறையில் அப்போது பட்டமளிப்பு விருந்துக்கான பன்றிகள் வரிசையாகத் தொங்கின. ஊரில் எந்தப் பிள்ளை பள்ளி முடித்தாலும் கராஜில் மேஜை போட்டு ஊரையே கூப்பிடுவார்கள். அத்தனை பேருக்கும் கறி என்னுடையது.

"எறும்பு எல்லாத்தையும் தட்டிட்டு, தண்ணில முக்கி எடுத்துட்டு உள்ள கொண்டா. இல்லன்னா வீட்டுக்குக் கொண்டு போ."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் என் இன்னொரு பல்லும் ஆடியது. ஆனாலும் செய்தாள். அந்த வெயிலில், பின்வாசல் சிமெண்டுத் தரையில் குந்தி, மொட்டு மொட்டாகத் தட்டி, முக்கி, துடைத்து. குளிரறைக்குக் குளிர் தருகிற கம்ப்ரசர் தலைக்கு மேலே கூரையில் இரைந்துகொண்டிருந்தது. சாயங்காலம் கழுத்தெல்லாம் சிவந்து, சட்டையெல்லாம் பிசினாக உள்ளே வந்தாள். மூலையில் வாளிகளை அடுக்கினாள். நேராகத் தன் மேஜைக்குப் போய்த் தாளைக் கிழித்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. வெயில் ஒரு டிகிரி இறங்கவில்லை. கம்ப்ரசர் மூச்சு விடாமல் ஓடியது. நான் நாளுக்கு நாலு தடவை கூரை மேல் ஏறி அதன் மேல் தண்ணீர் அடித்தேன். மின்சாரக் கம்பெனிக்காரன், எல்லாரும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினான். நான் வீட்டு ஏ.சி.யை நிறுத்தினேன். என் மனைவி எவ்லின் விசிறியும் கையுமாக வாசலில் வந்து நின்றாள்.

"பன்னிக்குக் குளிரு, பொண்டாட்டிக்கு வெயிலா? அடுத்த ஜென்மத்துல நான் உன் கடைல பன்னியாப் பொறக்கறேன்."

இதில் கூத்து என்னவென்றால், விருந்து வீட்டுக்காரர்கள் வரிசையாக வந்து கறி கேட்பார்கள். குளிரறைக் கதவைத் திறந்தால் வெப்பக் காற்று உள்ளே போகும். திறக்கும்போதெல்லாம் வெள்ளைத்தாள் மேஜையிலிருந்து ஒரு சத்தம்:

"கதவு!"

நான் திறந்தாலும் அதே சத்தம்தான். என் கடை, என் கதவு, நான் கட்டிய அறை. சொந்த அறைக்குள் திருடன் மாதிரி பக்கவாட்டில் நுழைந்தேன்.

நார்பர்ட் தினமும் ஐஸ் வாங்க வருவான். ஐஸ் வாங்கிய பிறகும் போகமாட்டான்.

"என்ன ஆர்டித், தோட்டம் எப்படி? பூவா, காய்கறியா?"

"உன் மூஞ்சிய உள்ள காட்டாத, மொட்டு பயந்து உதுந்துடும்."

"எங்கம்மாவுக்கு ஊதா ரோஜாதான் புடிக்கும். வண்டில வாங்கி வெச்சிருக்கேன். எதுக்கும் இருக்கட்டும்னு ஊருக்கே சேத்து வாங்கிட்டேன். சாவிய மட்டும் நல்லாத் தொடச்சு வெச்சுக்கோ."

அவள் அவன் பக்கம் கத்தரிக்கோலைக் காட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே போனான். அவன் போன பிறகு அவள் கை ஏப்ரன் பைக்குள் போய்ச் சாவியைத் தொட்டுப் பார்த்தது. எனக்குத் தெரியாது என்று நினைத்திருப்பாள். என் கடையில் எனக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்காது.

அப்படி நடக்காது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த வெள்ளிக்கிழமை, பன்றித் தொடையைச் சுற்றுவதற்காக விரித்த வெள்ளைத்தாளின் நடுவில் ஓர் எறும்பு நடந்து போனது. அவசரமே இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை உலாப் போகிறவன் மாதிரி. அதற்குப் பின்னால் இன்னொன்று. நான் குனிந்து வரிசையைப் பிடித்துக்கொண்டே போனேன். மேஜைக்கு அடியில் ஒரு காப்பி டப்பா. மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள். உள்ளே சர்க்கரைத் தண்ணீர் நனைத்த பஞ்சு, அதன் மேல் ஒரு படை எறும்பு.

"ஆர்டித்! இது என்ன?"

"தெரியலயா? எறும்பு."

"எறும்புன்னு தெரியுது! என் கடைக்குள்ள எறும்பு வளக்கறியா நீ?"

"மொட்ட வெளில எடுக்கறப்ப திரும்ப விடணும்ல? நீதான தட்டச் சொன்ன. தட்டுனத எங்க வெக்கறது, என் தலைலயா?"

நான் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்ப் பின்சந்தில் எறிந்தேன். வெயிலில் அந்தத் தரை தோசைக்கல் மாதிரி இருந்தது. அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. கடையையே மேஜை, சுவர், தரை என்று பிளீச் போட்டுக் கழுவினேன். இப்போதும் சொல்கிறேன், நான் செய்தது சரி. கறிக்கடையில் எறும்பு வளர்க்கிற பழக்கம் எந்த ஊரிலும் இல்லை. அவள் மட்டும் கதவருகே நின்று, "பாத்துக்கோ. ஒண்ணு கூட விரியாது. உன்னாலதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை மத்தியானம் சொன்னபடி வாளிகளை வெளியே எடுத்துக் கோயில் மண்டபத்தின் பின்னால் வெயிலில் வரிசையாக வைத்தாள். திங்கட்கிழமைக்கு விரிய வேண்டும். வெயிலுக்கு அன்று ஒரு குறையும் இல்லை. பத்து நாளாக எங்களை வதைத்த வெயில் கடைசியாக ஒரு நல்ல காரியம் செய்யப்போகிறது என்று நானே சொன்னேன்.

சொல்லி வாய் மூடவில்லை. சாயங்காலம் வடமேற்கில் வானம் கருநீலமாகப் புடைத்தது. ஊர்ச் சங்கு ஊதியது. நாங்கள் வாளிகளைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் ஓடியபோது ஆலங்கட்டி எங்கள் முதுகில் விழுந்தது. மழை, காற்று, மறுபடி மழை. விடிந்தபோது வெப்பமானி நாற்பத்தாறு காட்டியது. வடக்கிலிருந்து ஊசிக் காற்று. ஞாயிறு பூசைக்கு வந்தவர்கள் பெட்டியில் போட்டு மூடிய குளிர்காலக் கோட்டைத் திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார்கள். வாயிலிருந்து புகை வந்தது. நினைவு நாளுக்கு முதல் நாள்!

பூசை முடிந்து வெளியே வந்தேன். வண்டி நிறுத்துகிற இடத்தில் ஆர்டித்தின் வண்டி நின்றபடியே உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடியெல்லாம் ஆவி மூடியிருந்தது. கதவைத் திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது. முன்னிருக்கை, பின்னிருக்கை எல்லாம் வாளி. நடுவில் அவள், ஹீட்டரை முழுக்கத் திருகிவிட்டு, வேர்த்து ஒழுகிக்கொண்டு.

"கதவு!" என்றாள்.

"என்ன பண்ற?"

"பத்து நாளா வெயிலத் திட்டின வாய் இது. இப்ப பெட்ரோல எரிச்சு வெயில் பண்ணிட்டிருக்கேன். ஒண்ணு கூட அசையல லூமிர். தொட்டுப் பாரு, கோலிக்குண்டு."

தொட்டேன். பன் மாதிரி அமுங்கிய மொட்டு குளிரில் இறுகிப் போயிருந்தது. நான் ஒன்றும் சொல்வதற்குள் அவள் ஆரம்பித்தாள்.

"எறும்ப நீ கொன்ன."

"எறும்பு இல்ல, குளிரு."

"எறும்பு இருந்திருந்தா குளிருலயும் தொறந்திருக்கும்."

"எறும்புக்குக் கோட்டு மாட்டிவிடுவியா?"

அந்த நேரம் பார்த்து நார்பர்ட் தன் வண்டியை மெதுவாக எங்கள் பக்கத்தில் கொண்டுவந்தான். பின்னால் ஊதா நிறத்தில் ஒரு குவியல். கண்ணாடியை இறக்கி உள்ளங்கையை மட்டும் வெளியே நீட்டினான். சாவிக்கு.

"நாளைக்குத்தான்டா நினைவு நாளு" என்றாள் ஆர்டித். ஆனால் குரல் உடைந்திருந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. யூஜினின் பெட்டி வந்த அன்று கூட. நார்பர்ட்டும் அதைக் கேட்டிருக்க வேண்டும். கையை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. இந்த யோசனை ஊரில் வேறு யாருக்கும் வந்திருக்காது. வந்தாலும் அவர்களிடம் புகையறை கிடையாது.

"வண்டிய என் கடைக்கு விடு."

"எதுக்கு?"

"ஹாம்ம நாள் பூரா ஒரே சூட்டுல வெக்கத் தெரிஞ்சவனுக்கு மொட்ட வெக்கத் தெரியாதா? புகை போடாம சூடு மட்டும் விடறேன். கீழ தட்டுல தண்ணி வெச்சா ஆவியும் வரும். ஜூன் மாசம் மாதிரி இருக்கும் உள்ள."

"புகையறைலயா? எங்கம்மா பூவையா?"

"வேற வழி இருந்தா சொல்லு, செய்யறேன்."

அவளிடம் வேறு வழி இல்லை. நான் புகையறையை வெந்நீரால் கழுவினேன். இரண்டு தடவை கழுவினேன். ஹாம் தொங்குகிற கம்பிகளுக்குக் கீழே வாளிகளை அடுக்கினோம். சூட்டை எண்பதுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். கண்ணாலேயே சொல்வேன் எத்தனை டிகிரி என்று, கருவியெல்லாம் மற்றவர்களுக்கு. ஆர்டித் கோட்டோடு வெளியே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்க்கத் திறந்தால், "கதவு!"

இருட்டுவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை திறந்தேன். முன்வரிசையில் ஒரு மொட்டு பச்சை ஓட்டைப் பிளந்து, வெள்ளையை ஒரு கீற்று காட்டிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து வந்து பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மூக்கைச் சுருக்கினாள்.

"லூமிர், என்னமோ வாசம் வருது."

"என் வேலை உடுப்பு."

திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தபோது அறை முழுக்க வெள்ளை. குழந்தைத் தலை அளவு, ஒவ்வொன்றின் நடுவிலும் அந்தச் சிவப்புச் சொட்டு. அப்படி ஒரு மலர்ச்சியை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. கூடவே அந்த வாசமும் வந்தது. ஐம்பது வருஷத்துக்கும் மேலாக ஹிக்கரி விறகுப் புகையும் பன்றிக் கொழுப்பும் ஊறிய சுவர் அது. ஆவி பட்டதும் தன்னிடம் இருந்ததையெல்லாம் பூவுக்குக் கொடுத்துவிட்டது.

ஆர்டித் ஒரு பூவை எடுத்து முகர்ந்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி முகர்ந்தாள்.

"பேகன்" என்றாள். காலையில் முட்டையோடு வறுத்துத் தின்கிற, புகை போட்ட பன்றிக்கறியின் வாசம்.

"வெளில காத்துல போயிடும்."

காற்றில் போகவில்லை. அன்றைக்குப் பார்த்துக் காற்றே நின்றுவிட்டது. காலை ஏழு மணிக்கே அவள் ஒவ்வொரு கல்லின் முன்னும் ஒரு காப்பி டப்பா, டப்பாவில் பியோனி என்று வைத்து முடித்திருந்தாள். ஒரு கல்லும் வெறுங்கல்லாக இல்லை. பார்க்கக் கண் கொள்ளவில்லை. பார்ப்பதோடு மட்டும் நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பழைய படைவீரர்கள் கொடியோடு வந்து நின்றார்கள். பாதிரியார் ஜெபத்தைத் தொடங்கினார். முதலில் யாருடைய நாயோ கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து ஒவ்வொரு டப்பாவாக மோந்து போனது. அப்புறம் ஒரு குழந்தை, ஊரே அமைதியாக நிற்கும்போது, "அம்மா, பசிக்குது" என்றது. அதற்குப் பின்னால் இன்னொரு குழந்தை. வரிசையில் நின்றவர்களின் மூக்குகள் ஒவ்வொன்றாக அசைவதை நான் பார்த்தேன். பாதிரியார் "இறந்தோர்" என்று சொல்லி நிறுத்தி, மூச்சை இழுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டார்.

மரியாதைக்குத் துப்பாக்கி வெடித்து முடிந்து, பெயர்கள் வாசித்து முடிந்ததும் நார்பர்ட் நேராக ஆர்டித்திடம் வந்தான். ஊரே பார்த்தது.

"ஆர்டித், ஒண்ணு கேக்கணும். இது பூவா, காலைச் சாப்பாடா?"

அவ்வளவுதான். கல்லறைத் தோட்டமே சிரித்தது. படைவீரர்கள் கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எவ்லின் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். ஆர்டித்தின் முகம் காதுவரை சிவந்தது.

"உனக்குச் சாவி கெடையாது" என்றாள். "ஒரு கல்லு வெறுமையா காட்டு பாப்போம்."

"சாவி யாருக்கு வேணும்? எங்கம்மாவுக்கு ஒரு டப்பாதான் வெச்சிருக்க. இன்னும் ரெண்டு பூ குடு. கெழவிக்குப் பேகன்னா உசுரு."

அவள் அவனை முறைத்தாள். மூன்று பூ கொடுத்தாள்.

"டப்பாவத் திருப்பிக் குடுத்துடணும்."

எல்லாரும் போன பிறகும் அவள் யூஜினின் கல்லருகே நின்றுகொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அம்பது வருஷத்துக்கு மேல வெச்சிட்டு வர்றோம் லூமிர், அம்மாவும் நானும். ஒரு வருஷம் யாராவது பூ நல்லாருக்குன்னு சொன்னாங்களா? இனிமே சாகற வரைக்கும் ஊரு இதத்தான் சொல்லும். பன்னிக்கறிப் பூ. வெயிலும் சதி, குளிரும் சதி, கடைசில உன் புகையறையும் சதி."

"என் புகையறை இல்லன்னா—"

"வாய மூடு."

மூடிக்கொண்டேன். அவள் குனிந்து, டப்பாவில் பூவைத் திருப்பி, நல்ல பக்கம் முன்னால் வரும்படி வைத்தாள். மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள்.

"பின்வாசல் வழியா வந்திருப்பான் இவன், இந்த வாசத்துக்கு" என்றாள். பிறகு நிமிர்ந்து, முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டினாள். "உப்புதான் கொஞ்சம் கம்மி."

புதன்கிழமை மறுபடி தொண்ணூற்றாறு டிகிரி. அந்தக் குளிர் எதற்கு வந்தது, யாருக்காக வந்தது என்று எவனுக்கும் தெரியாது. நான் கூரை மேல் ஏறிக் கம்ப்ரசருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் கல்லறைத் தோட்டம் தெரியும். ஆர்டித் புல்வெட்டி வண்டியில் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தாள். யூஜினின் கல்லருகே வண்டி நின்றது. இறங்கினாள். குனிந்து டப்பாவைப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் போட்ட சத்தம், கம்ப்ரசர் இரைச்சலையும் தாண்டிக் கூரை வரை கேட்டது.

"இப்ப வர்றீங்களா? இப்பவா? எல்லாம் விரிஞ்சு முடிஞ்சதுக்கப்புறமா வர்றீங்க, எறும்பு நாய்ங்களா!"